மூன்று மாதச் சாறு

நேசையன் முப்பத்திரண்டு வருடம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அத்தனை வருடத்தில் அவர் மனைவி லீலாபாய் தட்டில் வைத்த காய்கறியை முழுதாகத் தின்று முடித்த நாள் ஒன்றுகூட இல்லை. மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும் கிடைத்தால் அவருக்குப் போதும். கத்தரிக்காயைச் சோற்றுக்கு அடியில் புதைப்பார். கீரையை மகள் பிரிஜாவின் தட்டுக்குத் தள்ளிவிடுவார். கேட்டால், "ஏட்டி, நான் என்ன ஆடா? எலையும் குழையும் திங்கதுக்கு?" என்பார்.

லீலாபாய்க்கு இது விளையாட்டு இல்லை. கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் ஒரு அங்கன்வாடியில் அவள் டீச்சர். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஜெரிஷ் என்று ஒரு மூன்று வயதுக் குழந்தை அங்கே வந்தது. வெளிச்சம் மங்கினால் அதற்குக் கண் தெரியாது. அந்தியானால் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும். சுகாதார நிலையத்தில் கொடுத்த சொட்டு மருந்தோடு, லீலாபாய் தினமும் முருங்கையிலையும் மத்தங்காய் என்கிற மஞ்சள் பூசணியும் பப்பாளியும் தன் கையாலேயே ஊட்டினாள். இரண்டு மாதத்தில் அந்தப் பிள்ளை அந்தி மங்கலில் முற்றத்துக் கோழிக்குஞ்சை விரட்டிப் பிடித்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குச் சாப்பாட்டின் மேல் வந்த நம்பிக்கை, ஞாயிற்றுக்கிழமை சபையில் வரும் நம்பிக்கையைவிட ஒரு பிடி கூடுதலாகவே இருந்தது.

அங்கன்வாடிச் சுவரில் அவளே ஒரு பெரிய தட்டு வரைந்து வைத்திருந்தாள். சிவப்புக்குத் தக்காளி, மஞ்சளுக்கு மத்தங்காய், பச்சைக்கு முருங்கையிலை, ஊதாவுக்குக் கத்தரிக்காய், வெள்ளைக்குத் தடியங்காய் என்கிற நீர்ப்பூசணி. நாளொன்றுக்கு ஐந்து நிறம் உள்ளே போக வேண்டும் என்று கர்ப்பிணிகளிடமும் தாய்மார்களிடமும் சொல்லிச் சொல்லி, ஊரில் அவளுக்கு 'அஞ்சு நிறம் டீச்சர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. காய் அவித்த தண்ணீரை வடித்துக் கொட்டுகிற பெண்ணைக் கண்டால் அந்த இடத்திலேயே சண்டைக்குப் போவாள். "சத்து முழுக்க அந்த வெள்ளத்துலல்லா இருக்கு! வாழைமூட்டுக்கா அதை ஊத்துக?"

நேசையன் ஓய்வு பெற்று மூன்றாவது வருடம் அவருடைய கால்கள் வீங்கத் தொடங்கின. பதினைந்து வருடமாகச் சர்க்கரை உண்டு. மாத்திரை நினைவு வந்தால் போடுவார். லீலாபாய் கட்டாயப்படுத்தி நாகர்கோவிலுக்குக் கூட்டிப் போனாள். இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டாக்டர் அஸ்வதிக்கு முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. காகிதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ரெண்டு கிட்னியும் பாதிக்கு மேல போயிடுச்சு. ஆனா இப்போ டயாலிசிஸ் வேண்டாம். மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சரியா இருந்தா கொஞ்ச காலம் இப்படியே தள்ளலாம். ஒரு மாசம் கழிச்சு வந்து கண்டிப்பா டெஸ்ட் பண்ணணும்."

சாப்பாட்டுக்கு ஒரு நகல் தாளும் கொடுத்தாள். திரும்பும் பேருந்தில் லீலாபாய் அதை வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவளுக்கு முகம் சிவந்தது.

"பிரிஜாக்க அப்பா, இதைப் பாத்தியளா? கீரை வேண்டாமாம். எளநீர் வேண்டாமாம். தக்காளி, மாதுளை, ஏத்தம்பழம், ஒண்ணும் வேண்டாமாம். காயும் பழமும் தின்னு தீனம் வந்தவன் உலகத்துல உண்டா?"

"டாக்டர் சொன்னா கேக்கணும்லா."

"அவ சின்னப் பிள்ளை. புஸ்தகத்துல உள்ளதைச் சொல்லுகா. நான் முப்பது வருஷம் கண்ணால கண்டதைச் சொல்லுகேன்."

நேசையன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். வில்லுக்குறி தாண்டியதும் மெதுவாகச் சொன்னார்: "நீ அன்னைக்கே சொன்னே. நான் கேக்கல்ல. அதுனால வந்ததுதான் இது. இனி கேக்கேன் லீலா. நீ என்னத்தைத் தந்தாலும் திங்கேன்."

தாள் அலமாரியில் துணிகளுக்கு அடியில் போயிற்று. மறுநாள் காலையிலிருந்து சாறு தொடங்கியது. பீட்ரூட், கேரட், ஒரு கைப்பிடி பசலைக்கீரை, இரண்டு நெல்லிக்காய், ஒரு துண்டு இஞ்சி. அரைத்து வடிகட்டாமல் பெரிய கண்ணாடித் தம்ளரில் ஊற்றினால் இரத்தக் கறுப்பில் நுரைத்து நிற்கும். பதினோரு மணிக்கு இளநீர். மதியச் சோறு பாதியாகக் குறைந்தது. காய்கறி இரண்டு மடங்கானது. சாயங்காலம் செந்துளுவன் என்கிற செவ்வாழையோ ஆரஞ்சோ.

நேசையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார். முதல் நாள் வாசலுக்கு ஓடித் துப்பினார். இரண்டாம் நாள் முழுதையும் குடித்துவிட்டு, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டினார். சோற்றுக்கு அடியில் எதையும் புதைக்கவில்லை. தட்டை வழித்துத் தின்றார். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, "இன்னைக்கு எத்தனை நிறம் ஆச்சு?" என்று கேட்பார். கல்யாணமாகி முப்பத்தைந்து வருடத்தில் இருவரும் அவ்வளவு ஒற்றுமையாக உட்கார்ந்து சாப்பிட்டது அப்போதுதான்.

அவர் உடம்பு மெலிந்தது. தொப்பை போயிற்று. முகத்தில் ஒரு தெளிச்சல் வந்த மாதிரி இருந்தது. ஒரு மாதம் ஆனபோது, "டெஸ்டுக்குப் போவமா?" என்று அவர் கேட்டார்.

"மூணு மாசம் முழுசாட்டு ஆவட்டும். நல்லா கொறைஞ்ச பிறகு அந்தப் பிள்ளைக்க முன்னால கொண்டு போய்க் காட்டணும்," என்றாள் லீலாபாய்.

இரண்டாவது மாதம் தாய்மார் கூட்டத்தில் அவள் தன் கணவரைப் பற்றியே பேசினாள். டாக்டர் கைவிட்ட கேஸ் என்றாள். அது அவ்வளவு உண்மையில்லை என்று பேசும்போதே அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் எதிரே இருந்த பெண்கள் கண்ணை விரித்துக் கேட்டது நன்றாக இருந்தது. சாறு செய்யும் விதத்தைப் பலரும் கைப்பேசியில் குறித்துக்கொண்டார்கள்.

மூன்றாவது மாதக் கடைசியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, சாறு குடித்து அரைமணி நேரம் ஆகியிருக்கும். நாற்காலியிலிருந்து எழுந்த நேசையன் அப்படியே மறுபடி உட்கார்ந்தார்.

"ஏட்டி, கால் எனக்க கால் மாதிரி இல்ல."

"மரத்துப்போச்சா?"

"தெரியல்ல. நெஞ்சு மெதுவாட்டு அடிக்கு. நின்னு நின்னு அடிக்கு."

அவர் கையைப் பிடித்துப் பார்த்தாள். ஈரமாகக் குளிர்ந்திருந்தது. பக்கத்து வீட்டு ராஜையன் தன் ஆட்டோவைக் கொண்டு வந்தார். இருவருமாகத் தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. நாகர்கோவில் போய்ச் சேருவதற்குள் நேசையனின் தலை இரண்டு முறை தொங்கிவிட்டது.

ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள். யாரோ ஓடினார்கள். ஊசி மேல் ஊசி போட்டார்கள். டாக்டர் அஸ்வதி வந்து திரையைப் பார்த்தாள். பிறகு லீலாபாயைப் பார்த்தாள்.

"ரத்தத்துல பொட்டாசியம் ஏழரை. அஞ்சு தாண்டக் கூடாது. இதயம் எந்த நிமிஷமும் நின்னிருக்கும். என்ன சாப்பிட்டார்? ஜூஸ், இளநீர் ஏதாவது குடிச்சாரா? நான் தாள்ல எழுதிக் கொடுத்தேன் இல்லையா?"

லீலாபாய் வாயைத் திறந்தாள். படுக்கையில் இருந்த நேசையன் முகத்திலிருந்த ஆக்சிஜன் மூடியை இடது கையால் விலக்கினார்.

"நான்தான் டாக்டரே. வீட்டுல தாறது ருசியில்லன்னு, கடையில போய் ஜூஸா வாங்கிக் குடிச்சேன். இவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உங்க மனைவி அங்கன்வாடி டீச்சர். எது சாப்பிடணும், எது கூடாதுன்னு ஊருக்கே சொல்றவங்க. அவங்க பேச்சையாவது கேட்டிருக்கக் கூடாதா?"

"கேட்டிருக்கணும்," என்றார் நேசையன். மூடியை மறுபடி போட்டுக்கொண்டார்.

லீலாபாய் கட்டிலின் கால்மாட்டுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். இப்போது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். அதற்குள் கட்டிலைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று கழுத்தில் குழாய் போட்டு டயாலிசிஸ் செய்தார்கள். உயிர் தங்கியது. கிட்னி திரும்பவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு, இனி வாரத்துக்கு மூன்று நாள் கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள். செவ்வாய், வியாழன், சனி. காலை ஆறு மணிக்கு ராஜையனின் ஆட்டோ. நான்கு மணி நேரம் இயந்திரத்தில். மத்தியானம் வந்து விழுந்தால் சாயங்காலம் வரைக்கும் பேச்சிருக்காது.

பிரிஜா குவைத்தில் கணவனோடும் இரண்டு குழந்தைகளோடும் இருந்தாள். செய்தி கேட்டு வீடியோவில் அழுதாள். "எனக்க கிட்னியைத் தாறேன் அம்மா. நான் வாறேன்."

நேசையன் கைப்பேசியை வாங்கி, "உனக்க பிள்ளையளைப் பாரு மக்கா. அந்தப் பேச்சை இனி எடுக்காத," என்று அணைத்துவிட்டார்.

லீலாபாய் அவரிடம் சொல்லாமல் தன் கிட்னியைக் கொடுக்கப் பரிசோதனைக்குப் போனாள். சாப்பிடாமல் எடுத்த இரத்தத்தில் சர்க்கரை இருநூற்று நாற்பது இருந்தது. அவளுக்கும் சர்க்கரை, எத்தனை வருடமாக என்று யாருக்கும் தெரியாது. அவள் கிட்னி ஆகாது என்றார்கள். ஐந்து நிறம் தவறாமல் தின்ற உடம்பு. அந்தக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படிக்கட்டில் நின்றாள். அடுத்து நேசையனின் இதயத்தை ஸ்கேன் செய்தார்கள். அது பலவீனமாக இருந்தது. யார் கிட்னி கொடுத்தாலும் அறுவைச் சிகிச்சை தாங்காது என்றார்கள். அதோடு அந்த வழியும் அடைந்தது.

துணிகளுக்கு அடியில் இருந்த தாளை லீலாபாய் எடுத்துச் சமையலறையில் ஒட்டினாள். அதில் இருந்தபடியே செய்தாள். பொட்டாசியம் இறங்க, காயைச் சின்னதாக நறுக்கி இரண்டு மணி நேரம் தண்ணீரில் போட வேண்டும். அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, வேறு தண்ணீரில் அவிக்க வேண்டும். அவித்த தண்ணீரையும் கொட்ட வேண்டும். பிறகுதான் தாளிக்கலாம். முதல் நாள் பீன்ஸ் அவித்த பச்சைத் தண்ணீரைப் பின்வாசலில் வாழைமூட்டில் அவளே ஊற்றினாள். பச்சை போன பீன்ஸ், சிவப்பு போன கேரட், எல்லாமே தட்டில் ஒரே மாதிரி சாம்பல் நிறத்தில் கிடந்தன. உப்பும் குறைவு. குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. ஒரு பாட்டிலில் அடையாளம் போட்டு வைத்திருந்தார்கள்.

நோய் விசாரிக்க வருகிறவர்களெல்லாம் பழத்தோடுதான் வந்தார்கள். சபையிலிருந்து ஆப்பிளும் ஆரஞ்சும், பழைய டிப்போக்காரர்கள் மாதுளை, சொந்தக்காரர்கள் தங்கள் தோட்டத்தில் பழுத்த மட்டி வாழைக்குலை. நேசையன் சிரித்து வாங்கிக்கொள்வார். அவர்கள் படியிறங்கியதும் லீலாபாய் பையோடு ராஜையன் வீட்டில் கொண்டு கொடுத்துவிட்டு வருவாள்.

காய்கறியையே வெறுத்த மனிதர், இப்போது அதற்கு ஏங்கத் தொடங்கினார்.

"செந்துளுவன் ஒண்ணு, ஒரு கடி மட்டும் தாயேன்."

"வேண்டாம், கேட்டியளா."

"அந்தச் சிவப்புத் தோலை உரிச்ச உடனே ஒரு மணம் வரும்லா. அந்த மூணு மாசத்துலதான் அது எனக்குப் பிடிச்சுது. அதுக்கு முன்னால வரைக்கும் நான் அதைத் தின்னதே இல்ல பாத்துக்க."

லீலாபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

அங்கன்வாடியில் அவள் பேசுவது குறைந்தது. குழந்தைகளுக்குச் சத்துமாவு கொடுத்தாள், எடை பார்த்தாள், பதிவேடு எழுதினாள். சுவரில் இருந்த தட்டுக்கு எதிரே நாற்காலி போடாமல், அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். செப்டம்பரில் ஊட்டச்சத்து மாதம் வந்தது. மேசை விரித்துக் காய்களையும் பழங்களையும் நிறம் நிறமாக அடுக்கி வைக்க வேண்டும். மேலதிகாரி அம்மா வந்து படம் எடுப்பார். லீலாபாய் மனப்பாடமாக இருந்ததைச் சொல்லி முடித்தாள். கூட்டம் கலையும்போது, சில மாதம் வெளியூரில் இருந்துவிட்டுத் திரும்பியிருந்த பெமிலா என்ற இளம்பெண் இடுப்பில் பிள்ளையோடு பக்கத்தில் வந்தாள்.

"டீச்சர், எனக்க அம்மைக்கும் கிட்னியில தீனம் உண்டுன்னு சொன்னாவ. சாருக்குக் குடுத்த சாறு இருக்குல்லா, அதைத்தான் பத்து நாளாட்டு குடுத்துட்டு இருக்கேன். நெல்லிக்கா எத்தனைன்னு மறந்துபோச்சு. ரெண்டா மூணா?"

லீலாபாய் மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"குடுக்காத. இன்னைக்கே நிப்பாட்டு."

"ஏன் டீச்சர்? சாருக்கு நல்லாச்சுன்னு நீங்கதானே சொன்னிய?"

மேலதிகாரி அம்மா இரண்டு அடி தள்ளித்தான் நின்றார். லீலாபாய் அவரைப் பார்த்தாள். பெமிலாவின் இடுப்பில் இருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"அது வேற மாதிரி தீனம். உனக்க அம்மைக்கு ஆவாது. நாளைக்கு நானே வாறேன், ஆஸ்பத்திரிக்குப் போவலாம்."

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு பெமிலாவின் அம்மாவை அவளே கூட்டிப் போனாள். இரத்தத்தில் பொட்டாசியம் கொஞ்சம் கூடித்தான் இருந்தது. நல்லவேளை, பத்து நாளில் நின்றது என்றார்கள். பெமிலா கையெடுத்துக் கும்பிட்டாள். அந்தக் கும்பிடு லீலாபாய்க்குத் தாங்க முடியாததாக இருந்தது. வீட்டுக்கு வந்து நேசையனின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தானே குடுத்தேன்," என்றாள்.

"நான்தானே குடிச்சேன்," என்றார் அவர்.



பத்தொன்பது மாதம் அப்படிப் போனது. இடது கையில் டயாலிசிஸுக்கு ஊசி குத்துகிற நரம்பு கயிறு மாதிரி தடித்துப் புடைத்திருந்தது. அது இரண்டு முறை அடைத்தது, இரண்டு முறையும் திறந்தார்கள். இயந்திரத்தில் இருக்கும்போதே இரத்த அழுத்தம் இறங்கி நினைவு தப்பும். பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வராமல் போனார்கள். ஏன் வரவில்லை என்று அங்கே யாரும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிரிஜா பதினைந்து நாள் வந்தாள். அந்தப் பதினைந்து நாளும் நேசையன் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். பேரப்பிள்ளைகளுக்கு விசிலடித்துக் காட்டினார். அவள் விமானம் ஏறி இரண்டாம் நாள் வியாழக்கிழமை. ராஜையனின் ஆட்டோ வாசலில் வந்து நின்றது. நேசையன் சட்டை போடாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எழும்புங்க. நேரமாச்சு."

"லீலா, இனி போவண்டாம்."

"என்னத்தைப் பேசுகிய?"

"நாலு மணிக்கூர் அதுல கெடக்கேன். வந்து ஒரு நாள் முழுக்க கெடக்கேன். பிறகு ஒரு நாள் மனுசனாட்டு இருக்கேன். மறுநாள் மறுபடியும் போவணும். பிரிஜா வரட்டும்னுதான் இழுத்துப் பிடிச்சேன். வந்துட்டுப் போயிட்டா."

"போவல்லன்னா என்ன ஆவும்னு தெரியும்லா?"

"தெரியும். நான் டாக்டரட்ட கேட்டேன். பத்து நாளு, இல்லன்னா ரெண்டு வாரம்."

அவள் அழுதாள். திட்டினாள். ராஜையன் உள்ளே வந்து, "நேசையண்ணா, இன்னைக்கு ஒரு நாள் போவம். மத்ததைப் பிறகு பேசுவம்," என்றார். நேசையன் அவர் கையைப் பிடித்து, "நீ எத்தனை தடவை கொண்டு விட்டே. போதும்டே. ஆட்டோவைத் திருப்பு," என்றார். பிரிஜா குவைத்திலிருந்து கத்தினாள், பிறகு கெஞ்சினாள். விடுப்பு முடிந்துபோயிருந்தது. உடனே திரும்பி வர அவளால் முடியவில்லை. நேசையன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்பிட்டியா மக்கா?" என்று கேட்டார்.

டாக்டர் அஸ்வதியிடம் லீலாபாய் தொலைபேசியில் பேசினாள். டாக்டர் வெகுநேரம் வற்புறுத்தினாள். கடைசியில், "அவர் தெளிவா முடிவெடுத்துட்டா நாம கட்டி இழுத்துட்டு வர முடியாதும்மா. மூச்சுத் திணறினா கொடுக்க மருந்து எழுதித் தர்றேன். இனி அவர் என்ன கேட்டாலும் கொடுங்க," என்றாள்.

என்ன வேண்டும் என்று அவரிடம் கேட்டாள் லீலாபாய். அவர் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். செந்துளுவன். நல்ல புளிப்பும் இனிப்புமாக ஒரு மாம்பழம். தக்காளி போட்ட மீன்கறி. எல்லாக் காயும் சேர்த்த அவியல். "வெள்ளத்தை வடிக்காம வை," என்றார்.

அன்று அவளே கருங்கல் சந்தைக்குப் போனாள். ஒன்றரை வருடமாக அவள் நிறம் பார்த்துக் காய் வாங்கியதில்லை. கேரட், முருங்கைக்காய், ஏத்தங்காய், சேனை, புடலை, மத்தங்காய் என்று பை நிறைய வாங்கினாள். மாம்பழக் காலம் இல்லை. நான்கு கடை ஏறி இறங்கி எங்கிருந்தோ வந்த இரண்டு பழத்தைப் பிடித்தாள். வீட்டுக்கு வந்து ஒரு சொட்டுத் தண்ணீரும் கொட்டாமல் சமைத்தாள். தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் மணத்தன. வாழையிலை போட்டு, எல்லாவற்றையும் வைத்து, அவரைச் சாய்த்து உட்கார வைத்தாள். இலை திருவிழா மாதிரி இருந்தது.

நேசையன் இலையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவியலில் ஒரு வாய் எடுத்தார். மென்றார். முகம் மாறவில்லை. மாம்பழத்தில் ஒரு துண்டு எடுத்து வாயில் வைத்தார். பிறகு செந்துளுவன்.

"எப்படி இருக்கு?"

அவர் அவளைப் பார்த்தார். பொய் சொல்லப் போகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ளதைச் சொல்லுங்க."

"பித்தளையை நக்குன மாதிரி இருக்குட்டி. எல்லாம் ஒண்ணு போல. எது மாம்பழம், எது காய்னு தெரியல்ல."

ஆனாலும் கையை எடுக்கவில்லை. அவளுக்காக இன்னொரு வாய், இன்னொரு வாய் என்று விழுங்கினார். ஐந்தாவது வாயில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. லீலாபாய் துடைத்துவிட்டுப் படுக்க வைத்தாள். உடம்பில் கழிவு ஏறினால் நாக்கு செத்துப்போகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. மறுநாள் வேறு விதமாகச் செய்து பார்த்தாள். மிளகு கூட்டினாள், புளி கூட்டினாள். அவர் மணத்தைக்கூடத் தாங்க முடியாமல் தலையைத் திருப்பினார். மூன்றாம் நாள் கஞ்சித் தெளிவும் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கொஞ்சம் தெளிவாக இருந்தார். பாஸ்டர் வந்து ஜெபித்துவிட்டுப் போன பிறகு அவளைக் கூப்பிட்டார்.

"அந்த டாக்டரட்ட நீ ஒண்ணும் சொல்லண்டாம்."

"எதை?"

"எதையும். நான் சொன்னது சொன்னபடி இருக்கட்டும்."

அவள் தலையாட்டினாள். அதன் பிறகு அவர் அதிகம் பேசவில்லை. உடம்பெல்லாம் அரித்தது. தூக்கத்தில் டிக்கெட் கேட்டார், யாரையோ உள்ளே தள்ளிப் போகச் சொன்னார். மூச்சு இழுத்தது. மருந்து கொடுத்தால் கொஞ்சம் தணியும். ஒன்பதாம் நாள் மத்தியானம் மூன்று மணிக்கு, பிரிஜா வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்கும்போது, மூச்சு நின்றது. அவளுக்கு முதலில் தெரியவில்லை. இணையம் போய்விட்டது என்று நினைத்து, "அம்மா, படம் நின்னுபோச்சு," என்று சொன்னாள்.

அடக்கம் முடிந்து மூன்றாவது வாரம் லீலாபாய் தனியாக நாகர்கோவிலுக்குப் போனாள். டாக்டர் அஸ்வதி எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"டாக்டரே, அவரு கடையில ஜூஸ் குடிக்கல்ல. அவருக்குக் கடை எங்கேன்னுகூடத் தெரியாது. நான்தான் குடுத்தேன். மூணு மாசம், தினம், எனக்க கையால. நீங்க தந்த தாளை நான்தான் ஒளிச்சு வச்சேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"ஒண்ணு கேக்கணும்," என்றாள் லீலாபாய். "அந்த மூணு மாசம் நான் குடுக்காம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்?"

"அவருக்கு ஏற்கெனவே முத்திப் போயிருந்தது. எப்படியும் ஒரு நாள் டயாலிசிஸ்ல வந்து நின்னிருக்கும்மா."

"அது தெரியும். எவ்வளவு நாள் கழிச்சு?"

"அதை இப்போ சொல்ல முடியாது."

"ஒரு கணக்குக்குச் சொல்லுங்க. நான் தாங்கிக்கிடுவேன்."

டாக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தாள். "ஒரு வருஷம் ஓடியிருக்கலாம். ரெண்டு வருஷமும் ஓடியிருக்கலாம். சில பேருக்கு மூணு வருஷம்கூட. நிச்சயமா சொல்ல முடியாது."

"மூணு வருஷம்," என்றாள் லீலாபாய்.

"நான் நிச்சயமா சொல்லலை."

"இல்ல டாக்டரே. சரி."

எழுந்தபோது டாக்டர் அவளுடைய சர்க்கரையைப் பற்றிக் கேட்டாள். மாத்திரை போடுகிறேன் என்று லீலாபாய் பொய் சொன்னாள். வெளியே வந்து, டயாலிசிஸ் அறைக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். மத்தியான முறைக்கு வந்தவர்கள் துணிப்பையும் போர்வையுமாகக் காத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்த நடுவயதுப் பெண்ணின் முகம் ஊதி, கண்கள் சுருங்கியிருந்தன. அவள் லீலாபாயை ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"நீங்க புதுசா? எந்தக் கட்டிலு?"

"எனக்கில்ல."

"பின்ன ஆருக்கு?"

அறைக் கதவு திறந்து ஒரு பெயரைக் கூப்பிட்டார்கள். அந்தப் பெண் சுவரைப் பிடித்து எழுந்து உள்ளே போனாள்.